மூன்றாவது அறைக்கான விதி

சாய்ந்தமருது
07.07.2025

முஸ்பிறா,

கோபத்தில் இருப்பவர்களும் ஸலாமுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் முதலில் அதை அனுப்புகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். இனி உன் பாடு.

போனில் கதைக்க எனக்குக் காது இல்லை, முகத்துக்கு நேரே நின்று உரக்கச் சொன்னால்தான் விளங்கும். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கிடைத்தது அது. ஆகிலாவின் போனில் எழுதி அனுப்பலாமென்றால், நம் சண்டையை மகள் வாசித்து முடித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புவாள். ஆகவே தாளும் பேனையும். பக்கத்து வீட்டு ஜெமீல் ஒலுவில் கம்பஸுக்குப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிப் போகும்போது இதை உன் தங்கச்சி ஸுஹைறா வீட்டில் தருவான்.

வீடு உன்னுடையது. நம் ஊரில் புருஷன்தான் பெண்சாதி வீட்டுக்கு வந்து இருப்பவன், கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டியவனும் அவன்தான். இங்கே எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது. வீட்டுக்காரி ஒலுவிலில் இருக்கிறாள், வந்தவன் அவளுடைய சமையலறையில் முட்டை பொரித்துத் தின்கிறான். அடுத்த மாதம் ஆகிலாவின் நிக்காஹ். வீட்டை மகள் கையில் கொடுக்க வேண்டியவள் நீ.

பழைய முகாம் சண்டையை மணலில் அமைத்து ஆட நான் முன்ஹோலில் போட்டிருந்த மணல் மேசைதான் காரணமென்றால், அது இப்போது அங்கே இல்லை. தம்பிலுவில் ஊர்ச் சசிகரனும் நானும் அதைத் தூக்கிப் பின்கொட்டிலில் வைத்துவிட்டோம். அந்தக் காலத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் துவக்கோடு நின்றவன், இப்போது சனிக்கிழமைகளில் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று போத்தல் மூடிகளை நகர்த்துகிறான். தூக்கும்போது எங்கள் முகாம் சரிந்து வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது. சசிகரனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அல்லது, மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று நான் சொன்ன கதையா? அதில் என்ன இருக்கிறது? ஒரே படைப்பிரிவில் இரண்டு பஸால். செத்தவன் புத்தளத்துப் பஸால், செய்தி வந்தது சாய்ந்தமருதுப் பஸாலின் வீட்டுக்கு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸேறி வந்து கதவைத் தட்டுகிறேன். உன் சபியா சாச்சி ஜன்னலால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"புள்ள இத்தாவில இரிக்கி. ஆம்புள உள்ள வரப்படா."

"ஆருக்காக இத்தா?"

"பஸாலுக்காக."

"நாந்தான் பஸால்."

"ஓம், தெரியும். எண்டாலும் வரப்படா."

செத்துப்போன புருஷனுக்குத் துக்கம் காக்கிறோம் என்று அந்தப் புருஷனையே வாசலில் நிறுத்தினால், இதற்குச் சிரிக்காத மனிதன் உண்டா? சம்பந்தியம்மா சல்மா உம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நீ மட்டும் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாய். மறுநாள் விடிய ஒலுவில் பஸ்ஸில் ஏறிவிட்டாய். ஏன் என்று எழுது.

பஸால்


ஒலுவில்
10.07.2025

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடமை முடிந்தது.

மேசைக்காக யாராவது வீட்டை விட்டு வருவார்களா? அது கிடந்தால் கூட்டுவது கஷ்டம், அவ்வளவுதான்.

அந்தக் கதையை நீங்கள் எத்தனை கலியாண வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போன இடத்திலும் சொன்னீர்கள். ஒருமுறை சாவு நடந்த மையத்து வீட்டிலும் சொன்னீர்கள். கதவு வருகிறது, ஜன்னல் வருகிறது, சாச்சி வருகிறார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனின் வாழைக்குலைகூட சில நாட்களில் வருகிறது. உள்ளே ஒருத்தி இருந்தாளே, அவளைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. கலியாணம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் மவுத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் திரைக்குள் இத்தா இருக்க வேண்டும். நான் இருந்தேன். நீங்கள் வரும் வரைக்கும் இருந்தேன். அது பகிடி இல்லை. மகளுடைய மாமியார் கண்ணைத் துடைத்துச் சிரிக்க, நான் தேத்தண்ணித் தட்டோடு அங்கே நின்றேன். அன்று இனி ஏலாது என்று ஆகிவிட்டது.

நிக்காஹ்வுக்கு வருவேன். விருந்தாளி போல வந்து விருந்தாளி போலப் போவேன். வீட்டை நீங்களே மகளிடம் கொடுங்கள். இங்கே வர வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மேசையில் பீரங்கிக்கு ஒரு மூடி, சமையற்காரனுக்கு ஒரு மூடி, தண்ணீர் பவுசருக்கும் ஒரு மூடி இருக்கிறது. நான் எங்கே இருந்தேன்?

முஸ்பிறா


சாய்ந்தமருது
13.07.2025

முஸ்பிறா,

எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. என் சாவைப் பற்றி நான் சிரிக்கக் கூடாதா? பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் சிரித்துத்தான் சீவித்தோம். காலையில் பருப்புக்குள் கல் கிடந்ததைப் பற்றி மூன்று பேர் பகிடி விடுவோம். பின்னேரம் அதில் ஒருவன் இருக்கமாட்டான். அடுத்த நாள் மீதி இரண்டு பேரும் அதே கல்லைப் பற்றிப் பகிடி விடுவோம். வேறு எதைக் கதைப்பது? அழத் தொடங்கினால் அடுத்தவனும் அழுவான், பிறகு காவலுக்கு யார் நிற்பது?

பயிற்சிச் சண்டை பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. நம் ஆட்களையே இரண்டாகப் பிரித்துக் காட்டுக்குள் விடுவார்கள். துவக்கில் குண்டு இருக்காது. நடுவராக ஒரு மேஜர் சோக்குத் துண்டோடு திரிவார். நீ செத்துவிட்டாய் என்று அவர் முடிவெடுத்தால் முதுகில் ஒரு கோடு. கோடு வாங்கியவன் போய் வேப்பமரத்தடியில் இருந்து பிளேன்டீ குடிக்கலாம். வெயிலில் ஓடிக் களைத்த எங்களுக்குச் சாகத்தான் ஆசை. நான் வேண்டுமென்றே தலையை நீட்டிச் செத்திருக்கிறேன். பின்னேரம் விசில் ஊதினால், செத்தவர்களெல்லாம் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிச் சோற்றுக்குப் போவோம்.

ஊரில் என்னைச் செத்தவனாக்கி விட்டார்கள் என்று கேட்டபோதும் எனக்கு அப்படித்தான் பட்டது. யாரோ பிழையான முதுகில் சோக்கு அடித்துவிட்டார்கள், நான் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன், சோறு எங்கே என்று. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உன் கேள்வியைச் சசிகரனுக்கு வாசித்துக் காட்டினேன், கோபிக்காதே. அவன் மேசையை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தான்.

"அண்ணே, எங்கட அம்மாவும் இதில இல்ல" என்றான்.

பிறகு இரண்டு பேருக்கும் ஆட மனமில்லை. மணலைத் தட்டி மட்டமாக்கினோம்.

அதிகாரிகள் ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தார் ஓர் அறையில், எதிர்ப்பக்கத்தார் அடுத்த அறையில். மேசையை நடுவர் மட்டும்தான் பார்ப்பார். மற்றவர்களுக்குத் துண்டில் எழுதிய செய்திதான் போகும். உண்மைச் சண்டையில் ஒருவனுக்கு எவ்வளவு தெரியவருமோ அவ்வளவுதான் துண்டில் இருக்கும். அந்தத் துண்டுகளை அறைக்கு அறை கொண்டு ஓடியவன் நான். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு மூன்றாவது அறை என்று ஒன்றை அங்கே யாரும் வைக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வைத்துப் பார்க்கப் போகிறேன். நம் சமையலறைதான் மூன்றாவது அறை. அதில் நான் இருப்பேன். அங்கே என்னென்ன செய்தி வர வேண்டும் என்று நீ சொல்.

பஸால்


ஒலுவில்
16.07.2025

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

இந்த வயதிலும் விளையாட்டா என்று தாளைக் கசக்கி எறிந்தேன். ஸுஹைறா எடுத்து நீவி, "இதில நான் இரிப்பன் எண்டு எழுதிரிக்காரு, பாத்தியா?" என்றாள். அதற்காக எழுதுகிறேன்.

முதலாவது, செய்தி ஒன்றும் வராது. ரேடியோவில் முகாமின் பெயர் மட்டும் வரும். பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டி, "ஒண்டுமில்லையாம்கா" என்பாள். யார் சொன்னது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. மறுகா இன்னொருத்தி வந்து, "கன பேராம்" என்பாள். அவளுக்கும் தெரியாது.

பிறகு ஜீப். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மையத்தைக் கொண்டுவர ஏலாது, அங்கேயே அடக்கியாயிற்று என்று சந்திக் கடைக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பின் பள்ளியில் உங்களுக்குக் காயிப் ஜனாஸா, மையத்து முன்னால் இல்லாமலே தொழும் இறுதித் தொழுகை, தொழுதார்கள். பள்ளி நிறைந்து வீதி வரைக்கும் ஆள் நின்றதாம். சபியா சாச்சி வெள்ளைச் சீலை கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

இன்னொரு விதியும் போடுங்கள். சாவுச் செய்தி வந்த பிறகு மூன்றாவது அறையில் இருப்பவர் எழும்பக் கூடாது, வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, ஆட்டம் எப்படிப் போகிறது என்று யாரையும் கேட்கவும் கூடாது.

அரிசி வாளிக்கு அடியில் எறும்பு வந்திருக்கும். பாருங்கள்.

முஸ்பிறா


சாய்ந்தமருது
20.07.2025

முஸ்பிறா,

நேற்று ஆடினோம். மேசை கொட்டிலில். தாக்கும் பக்கம் சசிகரன், முன்ஹோலில். முகாமின் தளபதி ஜெமீல், அறைக்குள். அவன் ஓட்டோ ஓட்டுவது போலவே சண்டையும் நடத்தினான், வளைவு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நடுவர் ஆகிலா. தாயக்கட்டை உருட்டுவதும், துண்டு எழுதுவதும், கொண்டு ஓடுவதும் அவள். கலியாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற வேலையா என்று கேட்காதே, அவளாகத்தான் கேட்டு வாங்கினாள்.

நான் சமையலறையில் உன் குட்டிக் கதிரையில் இருந்தேன். முதல் துண்டு வந்தது. வெறும் தாள். இரண்டாவதும் வெறும் தாள். "ஒண்டும் வரல்ல வாப்பா" என்று ஆகிலா கையை விரித்துக் காட்டினாள். மூன்றாவதில் "கன பேராம்" என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான்காவதை அவள் கையில் தரவில்லை. அடுப்புத் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு என் முகம் பார்க்காமல் போனாள். திருப்பினேன். "பஸால் மவுத்து."

விளையாட்டுத்தான். செத்தவனும் நான், வாசிக்கிறவனும் நான். என்றாலும் விதி விதிதான், எழும்பக் கூடாது. இருந்தேன்.

காது கேட்கிறவர்களுக்கு ஒரு சத்தமாவது வந்திருக்கும். எனக்கு அதுவுமில்லை. ஆடுகிறார்களா, முடித்துவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. சுவரில் ஒரு பல்லி, பைப்பில் சொட்டுகிற தண்ணீர், எறும்பு (நீ சொன்னது சரி). முதலில் எரிச்சல் வந்தது. பிறகு கோபம். வெயில் யன்னலை விட்டு இறங்கியதும் பயம் வந்தது, முஸ்பிறா. முகாமில் நான் பயந்திருக்கிறேன், அந்தப் பயம் எனக்குப் பழக்கம். ஓடலாம், சுடலாம், குனியலாம், ஏதோ ஒன்று செய்யலாம். இதில் செய்ய ஒன்றுமே இல்லை. எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள், எனக்குச் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் நினைவில்லை, நான் இப்படியே இருக்கப் போகிறேன் என்ற பயம்.

நடந்ததும் அதுதான். ஆட்டம் எப்போதோ முடிந்து, மூன்று பேரும் வாசலில் இருந்து, ஜெமீல் பாலத்தை விட்டுக் கொடுத்தது பிழையா சரியா என்று வாதாடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததை மூன்றாவது அறைக்கு யார் போய்ச் சொல்வது? அதற்கு நான் விதி எழுதவில்லை. ஒருநாள் முழுக்க யோசித்து எழுதினேன், அது என் தலைக்கு வரவேயில்லை.

கடைசியில் ஆகிலா ஓடி வந்து தோளைத் தொட்டாள்.

"வாப்பா, முடிஞ்சி. எழும்புங்க."

"துண்டு எங்க?"

"நாந்தானே சொல்றன்."

"எழுதிக் கொண்டு வா."

என் மகள் என் முன்னால் நின்று சொல்கிறாள், நான் அவளை நம்பவில்லை. அவள் பயந்து போய் எழுதிக் கொண்டு வந்தாள். அதற்குப் பிறகும் எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அப்போதுதான் எனக்கு வேறொன்று தட்டியது. அன்று நான் அந்தக் கதவில் நெடுநேரம் நின்றேன். அது சாச்சியின் பிடிவாதம்தானா?

பஸால்


ஒலுவில்
22.07.2025

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

இல்லை. நான்தான் திறக்க வேண்டாம் என்றேன்.

உங்கள் குரல் எனக்குக் கேட்டது. அந்தக் குரலைத் திரைக்குள் இருந்து நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொழுதுபடும் மஃரிபு நேரத்தில் அதிகம் கேட்கும். முதலிலெல்லாம் எழும்பி ஓடினேன். ஒருநாள் முற்றம் வரைக்கும் போய்விட்டேன். வேலியடியில் ஆடு நின்றது, வேறு யாருமில்லை. சாச்சிதான் என்னைப் பிடித்து உள்ளே கொண்டு வந்தார். அதற்குப் பிறகு குரல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு யாஸீன் ஓதப் பழகினேன். நீங்கள் வந்த அன்றும் ஓதிக்கொண்டுதான் இருந்தேன்.

சாச்சி உள்ளே வந்து, "புள்ள, மெய்யா வந்திரிக்கான்" என்றார்.

"தொறக்காதீங்க சாச்சி" என்றேன். "இன்னொருக்கா தொறந்து ஆளில்லாட்டி எனக்கு ஏலா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார். நீங்கள் சொல்லிச் சிரிக்கிற பேச்சை அங்கே போய்த்தான் பேசினார். மார்க்கம் தெரியாமல் பேசவில்லை. எனக்குக் கொஞ்ச நேரம் வாங்கித் தந்தார். நான் ஓதி முடித்துக் காதிலிருந்து கையை எடுத்தேன். குரல் இன்னும் கேட்டது. அப்போதுதான் கதவைத் திறக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அவரை ஊரெல்லாம் பகிடி பண்ணினீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சுனாமியில் அந்த வீடும் போய் அவரும் போய்விட்டார். கதை மட்டும் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வந்த அன்று நான் வெள்ளைச் சீலையைக் கழற்றினேன். அதே கிழமை புத்தளத்தில் மற்றப் பஸாலின் வீட்டுக்கு ஜீப் போயிருக்கும். நம் வீட்டில் அன்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் கதை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. அவளுடைய வீட்டில் விழுந்த சாவைத்தான் நாம் சொல்லிச் சிரிக்கிறோம்.

இனிச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் சல்மா உம்மாவுக்கு.

முஸ்பிறா


சாய்ந்தமருது
27.07.2025

முஸ்பிறா,

உன் கடிதத்தை வாசித்த அன்று நான் சமைக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நிந்தவூருக்குப் போனேன். சம்பந்தி வீட்டில் எல்லாரையும் இருக்கச் சொல்லிவிட்டுக் கதையைத் திரும்பவும் சொன்னேன். சாச்சியின் பேச்சு வந்ததும் பழக்கத்தில், ஆட்கள் சிரிக்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். மாப்பிள்ளையின் தம்பி சிரித்தான். பிறகு மீதியைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சல்மா உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டார். பிறகு, "மத்தப் புள்ளைக்கு ஆரு செய்தி சொன்ன?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அவட பேரென்ன?"

அதுவும் எனக்குத் தெரியாது. புத்தளத்தான் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன். கருவாட்டுத் தலையைக் கடைசிக்கு வைத்துத் தின்பான், நித்திரையில் ஆடு மேய்க்கிறவன் போலச் சத்தம் போடுவான், இதெல்லாம் தெரியும். வந்ததிலிருந்து அவனைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. என் கதையில் அவன் ஒரு பிழையான விலாசம், அவ்வளவுதான்.

ஆகிலாவைக் கொண்டு பழைய கூட்டாளிகளுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் சொல்ல அவள் எழுதிக் காட்டினாள். அந்தப் பெண்ணின் பெயர் நதீரா. இப்போதும் புத்தளத்தில்தான் இருக்கிறார், வேறு கலியாணம் முடிக்கவில்லை. விலாசம் கிடைத்துவிட்டது. போக வேண்டும் போலிருக்கிறது. ஆனால் போய் என்ன சொல்வது? உங்கள் புருஷன் செத்த செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, மன்னியுங்கள் என்றா? வெறுங்கையோடு போகவும் மனமில்லை, எதைக் கொண்டுபோவது என்றும் தெரியவில்லை.

ஆட்டத்துக்குப் புதிய விதி எழுதிவிட்டேன். மூன்றாவது அறையில் இருப்பவர் எழும்பி வந்தால்தான் ஆட்டம் முடிந்தது. நேற்றுச் சசிகரன் அங்கே இருந்தான், தன் அம்மாவின் இடத்தில். வந்து கிணற்றடியில் முகம் கழுவினான். "நான் வாறன் அண்ணே, அம்மா பாத்துக்கொண்டு இருப்பா" என்று சொல்லி வழமையை விட முந்திய பஸ்ஸுக்குப் போனான்.

நீ விருந்தாளியாக வந்தால் எனக்குத் தாங்காது. மற்ற எதையும் கேட்கவில்லை.

பஸால்


ஒலுவில்
29.07.2025

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

வியாழக்கிழமை ஜெமீலை அனுப்புங்கள். பையோடு வருகிறேன். வளைவில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். என் வீட்டை என் மகளிடம் நான்தான் கொடுப்பேன்.

சல்மா உம்மா நேற்று இங்கே வந்தார். நிந்தவூரிலிருந்து பஸ்ஸில், தனியாக. கதையை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். ஆகிலா நல்ல வீட்டுக்குத்தான் சம்பந்தமாகிறாள்.

நிக்காஹ் முடிந்ததும் புத்தளம் போவோம். என்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே மௌலவியின் பெண்சாதியிடம் போய் ஒரு சட்டம் கேட்டேன். இத்தா செய்தி வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லையாம். புருஷன் மவுத்தான நாளிலிருந்துதான் கணக்காம், பெண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அப்படியென்றால் நதீராவிடம் ஜீப் போனபோது, அவளுடைய நாட்களில் ஒரு பங்கு முடிந்து போயிருக்கும். பூப்போட்ட சீலை உடுத்து, கறி ருசி பார்த்து, அடுத்த லீவுக்கு அவர் வருவார் என்று சிரித்துக்கொண்டு இருந்த நாட்கள். அவர் மண்ணுக்குள் இருக்க நான் சிரித்தேனே என்று அவள் இன்றைக்கும் நொந்துகொண்டிருப்பாள். நானென்றால் நொந்திருப்பேன்.

அவளிடம் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த நாட்கள் சும்மா போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் வீதி வரைக்கும் நின்று தொழுத ஜனாஸா அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது, வேறு மையத்து அங்கே இல்லை. "உங்களுக்கு யாரும் சொல்லாத அந்த நாட்களில் உங்கள் புருஷனுக்காக ஒருத்தி வெள்ளை உடுத்துத் திரைக்குள் இருந்து அழுதாள். உங்கள் இத்தாவில் அந்தப் பங்கை நான் இருந்தேன், தங்கச்சி" என்று சொல்வேன்.

முஸ்பிறா